ஊசி குத்தினால் புற்றுநோய் பரவிவிடுமா?

வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

புற்றுநோய் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். ஸ்கேன் ரிப்போர்ட் நகல், மருந்துச் சீட்டு எல்லாம் சேர்த்தே பலர் அனுப்பியிருக்கிறீர்கள். யாருடைய பெயரையும் போடவில்லை, ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம்தான், உங்கள் வீட்டு நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்வதுதான் உங்களுக்கு முதல்.

என் அம்மாவுக்கு வயது 49. இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, வலி இல்லை. ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். "ஊசி குத்தினா உடம்பு முழுக்கப் பரவிடும், தொடவே விடாதே" என்று பெரியம்மா தடுக்கிறார். மூன்று மாதமாகப் பற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.
– வாசகி, திருவண்ணாமலை

இந்த வாரமே அழைத்துப் போங்கள். வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்பதும் உண்மைதான். உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது எந்த வகை என்று கையால் தடவிப் பார்த்தோ பற்றுப் போட்டோ தெரிந்துகொள்ள முடியாது, சதையை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பெரியம்மா சொல்வது ஊரெல்லாம் சொல்வதுதான், அவர்மேல் கோபப்பட வேண்டாம். ஆனால் இந்த நோய் பரவுவது எப்படி என்று தெரிந்தால் அந்தப் பயத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பது உங்களுக்கே புரியும். கட்டி ஒரு சென்டிமீட்டர் ஆகும்போதே அதில் கோடிக்கணக்கான செல்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றில் சில, பக்கத்துச் செல்களோடு இருந்த பிடிப்பை விட்டுவிட்டு, சுற்றியுள்ள சதையை அரித்துக்கொண்டே போய் நிணநீர்க் குழாய்க்குள்ளோ ரத்தக் குழாய்க்குள்ளோ நுழைகின்றன. நிணநீர் வழியாகப் போனால் முதலில் அக்குளில் நெறி கட்டும். ரத்தம் வழியாகப் போனால் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை. ரத்தத்தில் இறங்கிய செல்களில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே செத்துவிடும். எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டு, தனக்கென்று ரத்த ஓட்டத்தையும் வரவழைத்துக்கொண்டு வளர்கிற ஒன்றிரண்டுதான் ஆளைக் கொல்கின்றன. 1889-லேயே லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்ற அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கல்லீரலில் அடிக்கடி தெரிகிற நோய் மண்ணீரலில் அபூர்வமாகத்தான் தெரிகிறது, விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் வாதம். இன்றைக்கும் நாங்கள் அதைத்தான் அடிப்படையாக வைத்துப் பேசுகிறோம்.

இதெல்லாம் ஊசிக்காகக் காத்திருந்து நடப்பதில்லை. கட்டி உள்ளே இருக்கிற ஒவ்வொரு மாதமும் தானாக நடந்துகொண்டிருக்கிறது. ஊசி போன பாதையில் செல்கள் தங்கி முளைப்பது மிக மிக அபூர்வம். மார்பில் அந்தப் பாதையும் பெரும்பாலும் பிறகு செய்யும் ஆபரேஷனிலோ கதிர்வீச்சிலோ அடிபட்டுப் போய்விடும். ஆண்களின் விரையில் வரும் கட்டி மாதிரி சிலவற்றில் மட்டும் ஊசி குத்தக் கூடாது, அங்கே நாங்களே குத்துவதில்லை, கவட்டி வழியாக முழுதாக எடுத்துத்தான் பார்ப்போம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. முற்றிய பிறகு வருகிறார்கள், சதை எடுக்கிறோம், இரண்டு மாதத்தில் போய்விடுகிறார்கள். ஊருக்கு அந்த ஊசிதான் நினைவில் நிற்கிறது, அதற்கு முன்னால் வீட்டிலேயே கழிந்த எட்டு மாதம் யார் கணக்கிலும் வருவதில்லை.

அம்மாவுக்கு என்ன செய்வார்கள் என்று சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் பயம் குறையும். முதலில் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட். அப்புறம் மரத்துப்போக ஒரு ஊசி, அது மட்டும்தான் சுருக்கென்று இருக்கும். பிறகு கொஞ்சம் தடிமனான ஊசி ஒன்றை உள்ளே விட்டு விசையை அழுத்துவார்கள், 'டக்'கென்று சத்தம் வரும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பலர் அந்தச் சத்தத்துக்குத்தான் திடுக்கிடுகிறார்கள். ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளையாக ஒரு சன்னமான சதைத் துண்டு வரும். நாலைந்து துண்டு எடுத்து, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் என்ற திரவம் உள்ள பாட்டிலில் போட்டு, பெயர் ஒட்டி அனுப்புவார்கள். பாட்டிலில் இருக்கும் பெயரும் வயதும் சரியா என்று நீங்களும் ஒரு முறை பாருங்கள். புற்றுநோய் என்று வந்தால் அதே சதையில் ஈ.ஆர்., பி.ஆர். என்ற இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் இருக்கிறதா என்று மூன்று சோதனை செய்வார்கள். முதல் இரண்டும் இருந்தால் ஹார்மோன் மாத்திரை வேலை செய்யும், வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும், ஆனால் வெறும் மாத்திரைதான். ஹெர்-2 இருந்தால் அதற்கென்றே டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து உண்டு. இந்த மூன்றும் தெரியாமல் சிகிச்சையைத் திட்டமிட முடியாது. மெழுகில் பதித்து வைத்திருக்கும் அந்தச் சதையை 'பிளாக்' என்பார்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் திரும்பவும் குத்துவார்கள்.

ஊசியைவிட எனக்குப் பயம் தருவது வேறு ஒன்று. எதையும் சோதிக்காமல் "சின்னக் கட்டிதான், எடுத்துவிடலாம்" என்று கட்டியை மட்டும் நோண்டி எடுத்துத் தையல் போட்டு அனுப்பிவிடுவது. கட்டியைச் சுற்றி நல்ல சதையும் ஒரு விளிம்பு எடுத்திருக்க வேண்டும், அக்குளைப் பார்த்திருக்க வேண்டும், எதுவும் நடந்திருக்காது. சிலர் எடுத்த கட்டியைச் சோதனைக்குக்கூட அனுப்புவதில்லை. அப்படி யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மறக்காமல் கொண்டு போங்கள்.

மாமியாருக்குத் தொண்டையில் புற்றுநோய், கரண்ட் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தையை அவர் பக்கத்தில் விடலாமா? ஒரே தட்டில் சாப்பிடலாமா?
– வாசகி, புதுக்கோட்டை

விடலாம், சாப்பிடலாம், மடியில் தூங்கவும் வைக்கலாம். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. சில வகைகளுக்குக் காரணமான வைரஸ்கள்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும், கல்லீரலுக்கு ஹெபடைடிஸ் பி, கருப்பை வாய்க்கு ஹெச்.பி.வி., அதுவும் தட்டு, டம்ளர் வழியாக இல்லை. வெளியிலிருந்து மெஷின் வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது, மெஷினை நிறுத்தியதும் முடிந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கோபால்ட் கருவி 1957-லேயே வந்துவிட்டது, இத்தனை வருடம் கழித்தும் "கரண்ட் வைத்த உடம்பு" என்று பாட்டியைத் தனி அறையில் படுக்க வைக்கிற வீடுகள் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்கள் மட்டும் சில நாள் குழந்தைகளிடமிருந்து விலகி இருக்க வேண்டும், எத்தனை நாள் என்று மருத்துவமனையிலேயே சொல்லி அனுப்புவார்கள். உங்கள் மாமியாருக்குத் தொண்டை புண்ணாகிச் சாப்பாடு இறங்காமல் போகும். காரமில்லாமல், ஆறவைத்து, குழைவாகக் கொடுங்கள். எடை குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த ஆறேழு வாரமும் வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய வேலை.

தம்பிக்கு வயது 27. ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல், எடை குறைந்துவிட்டது, கழுத்தில் நெறி. பெட் ஸ்கேனில் கழுத்திலும் நெஞ்சிலும் பளிச்சென்று தெரிகிறது, லிம்போமாவாக (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தத்தில் எல்.டி.ஹெச். அதிகம். நேராகக் கீமோ ஆரம்பிக்கலாமா?
– வாசகர், கோவில்பட்டி

கூடாது. பெட் ஸ்கேனில் கொடுப்பது கதிரியக்கம் ஏற்றிய ஒருவகைச் சர்க்கரை. எந்தச் செல் சர்க்கரையை அதிகமாக இழுக்கிறதோ அது படத்தில் ஒளிரும். புற்றுநோய்ச் செல் அப்படி இழுக்கும், டி.பி. பிடித்த நெறியும் அதே மாதிரி இழுக்கும். மூளையும் சிறுநீர்ப்பையும் எல்லோருக்கும்தான் ஒளிரும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, கழுத்து நெறி மூன்றும் லிம்போமாவுக்கும் பொருந்தும், டி.பி.க்கும் பொருந்தும், நம் நாட்டில் டி.பி.யை ஒதுக்கிவிட்டு யோசிக்கவே முடியாது. எல்.டி.ஹெச். என்பது செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் ஒரு நொதி, அது எத்தனையோ காரணங்களால் ஏறும்.

நெறியை முழுதாக எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். லிம்போமாவில் எந்த வகை என்று தெரிய, மெல்லிய ஊசியால் உறிஞ்சிய சில துளி பெரும்பாலும் போதாது. எடுக்கும் அன்றைக்கு ஒரு விஷயம் கவனமாக இருங்கள்: எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் டி.பி. கிருமி செத்துவிடும், அப்புறம் அதை வளர்த்துப் பார்க்க வழியில்லை. பாதியை ஃபார்மலினிலும் பாதியை வெறும் சலைனிலும் போட்டு, சலைனில் போட்டதை டி.பி. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். டாக்டர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஆபரேஷனுக்கு முன்னால் கேட்டுவிடுங்கள். அதுவரை காய்ச்சலுக்கென்று யாராவது ஸ்டீராய்டு கொடுத்தால் வாங்காதீர்கள், லிம்போமா கொஞ்ச நாள் சுருங்கிப்போய் சோதனையில் ஒன்றும் தெரியாமல் குழப்பிவிடும். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது, சோதிக்காமலே "டி.பி.யாத்தான் இருக்கும்" என்று நாலைந்து மாதம் மாத்திரை கொடுத்துவிட்டு, நெறி பெரிதான பிறகு எங்களிடம் அனுப்புவது. ஹாட்ஜ்கின் என்ற வகை லிம்போமா என்றால் உங்கள் தம்பி வயதில் பெரும்பாலானோர் முழுசாகக் குணமாகிறார்கள், அந்த நாலைந்து மாதத்தை இழக்கக் கூடாது.

இதோடு சேர்த்து, 'மாஸ்டர் செக்கப்'பில் ரத்தத்தில் புற்றுநோய் மார்க்கர் பார்த்தோம், சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சி.ஏ.-125 ஏறியிருக்கிறது என்று பயந்து எழுதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), வயிற்று டி.பி., ஏன் மாதவிலக்கு சமயத்தில்கூட அது ஏறும். தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் அதைப் பார்ப்பதே வேண்டாம் என்பது என் கருத்து.

கணவர் லாரி ஓட்டுகிறார், வயது 41. பாக்கும் புகையிலையும் எப்போதும் வாயில். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, குழம்பு பட்டால் எரிகிறது என்கிறார். வாய் முன்போலத் திறக்கவில்லை.
– வாசகி, நாமக்கல்

அவர் மூன்று விரலை ஒன்றின் மேல் ஒன்றாக, செங்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் போகவில்லை என்றால் கன்னத்துச் சதை இறுகிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணம் பாக்கு. புகையிலை மட்டும்தான் கெடுதல், வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறார்கள், ஆனால் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. வெள்ளைத் திட்டு இன்னும் புற்றுநோய் ஆகாமல் இருக்கலாம், ஆகிக்கொண்டிருக்கலாம். திட்டு சிவந்தாலோ, தடித்தாலோ, புண் மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றாலோ சதை எடுத்தே ஆக வேண்டும். வாய்ப் புற்றுநோய் முதலில் பரவுவது கழுத்து நெறிக்குத்தான். கழுத்துக்குப் போகும் முன் பிடித்தால் பல பேருக்கு ஒரு ஆபரேஷனோடு முடிந்துவிடும், போய்விட்டால் தாடை, கழுத்து, அப்புறம் கதிர்வீச்சு, கீமோ என்று நீளும். லோடு இறக்கிவிட்டு வரட்டும் என்று தள்ளாதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரைப் பார்த்தாலே போதும், அவர்கள்தான் இதை முதலில் கண்டுபிடிக்கிறவர்கள். பாக்கை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தனியாக விடுவது கஷ்டம், நிறுத்த உதவும் மருந்துகள் இருக்கின்றன, அதையும் அங்கேயே கேட்கலாம்.

அப்பாவுக்கு 61. இரண்டு வருடம் முன்பு பெருங்குடலில் கட்டி என்று ஆபரேஷன் செய்தோம். இப்போது கல்லீரலில் இரண்டு கட்டி. "லிவர் கேன்சரும் வந்துடுச்சு, நாலாவது ஸ்டேஜுக்கு எதுக்குச் செலவு" என்கிறார் சித்தப்பா. அப்பாவிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறோம்.
– வாசகர், ஈரோடு

இது இரண்டாவது புற்றுநோய் இல்லை. குடலிலிருந்து வரும் ரத்தம் எல்லாம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது, அதனால் குடல் கட்டியின் செல்கள் முதலில் தங்கும் இடமும் பெரும்பாலும் அதுதான். கல்லீரலில் வளர்ந்தாலும் அது குடல் புற்றுநோயேதான், மருந்தும் குடலுக்கு உள்ளதுதான் கொடுப்பார்கள்.

சித்தப்பா சொல்கிற அந்த 'நாலாவது ஸ்டேஜ்' எல்லா நோயிலும் ஒன்று இல்லை. தூரத்து உறுப்புக்குப் போய்விட்டது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. விரைப் புற்றுநோய் நுரையீரல் வரை போயிருந்தாலும் சிஸ்பிளாட்டின் சேர்ந்த கீமோவில் பெரும்பாலோர் குணமாகிறார்கள். கணையத்தில் அதே நிலை வந்தால் எங்களால் செய்ய முடிவது கொஞ்சம்தான். குடல் புற்றுநோய் கல்லீரலுக்கு மட்டும் போய், ஒன்றிரண்டு கட்டியோடு நின்றிருந்தால், அந்தப் பகுதியை வெட்டி எடுக்க முடியுமா என்று பார்க்காமல் விடவே கூடாது. கல்லீரல் மீண்டும் வளரும் உறுப்பு. இப்படி எடுக்க முடிந்தவர்களில் பத்துக்கு மூன்று நான்கு பேராவது ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள், சிலருக்கு நோய் திரும்புவதே இல்லை. கீமோ டாக்டர் ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு முடிவு எடுக்காதீர்கள், கல்லீரல் ஆபரேஷன் செய்கிற சர்ஜன் படத்தைப் பார்க்க வேண்டும். பழைய பிளாக்கில் ராஸ் ஜீன், எம்.எஸ்.ஐ. என்ற மரபணுச் சோதனைகள், எந்த மருந்து கேட்கும் என்று காட்டுபவை, செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். எம்.எஸ்.ஐ. மிகுதி என்று வருகிற சிலருக்குக் கீமோவைவிட, உடம்பின் எதிர்ப்பு சக்தியையே நோய்மேல் ஏவும் இம்யூனோதெரபி நன்றாகக் கேட்கிறது. ஆலிசன், ஹோன்ஜோ என்ற விஞ்ஞானிகள் இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வகை மருந்துகளுக்கு வழி திறந்ததற்குத்தான். விலை அதிகம், எல்லோருக்கும் பொருந்தாது, சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அப்புறம், அப்பாவிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் ஆன மனிதர், நாலு பேர் வராந்தாவில் கிசுகிசுப்பதைப் பார்த்து அவருக்குப் பாதி தெரிந்திருக்கும். இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு, மகனுடையதோ சித்தப்பாவுடையதோ இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். "உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்பா?" என்று கேட்டு, அவர் கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும். பொய் மட்டும் வேண்டாம், நாளைக்கு வலிக்கு மார்ஃபின் கொடுக்க வேண்டி வந்தால்கூட, நம்பிக்கை போன வீட்டில் அதையும் சந்தேகப்பட்டுத்தான் வாங்குவார்.

மனைவிக்கு இரண்டாவது கீமோ முடிந்து பத்து நாள் ஆகிறது. நேற்று ராத்திரி காய்ச்சல், பாராசிட்டமால் கொடுத்தேன், குறைந்துவிட்டது. முள்சீத்தா இலைக் கஷாயம் கொடுத்தால் கீமோவின் சூடு தணியும் என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

இவருக்கு உடனே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அடிக்கிறது. புற்றுநோய்ச் செல்லோடு சேர்த்து முடியின் வேர், வாயின் உள்தோல், எலும்பு மஜ்ஜை எல்லாம் அடிபடும். மஜ்ஜை அடிபட்டால் வெள்ளை அணுக்கள் குறையும், பல மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள்தான் மிகக் கீழே போகும். அந்த நாட்களில் தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. கிருமி ரத்தத்தில் இறங்கினால் சில மணி நேரத்தில் ஆள் கவிழ்ந்துவிடுவார். ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும், "கீமோவில் இருக்கிறார், காய்ச்சல்" என்று அவசரப் பிரிவு வாசலிலேயே சொல்ல வேண்டும், ரத்தத்தில் அணுக்களை எண்ணிப் பார்த்து ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற்றுவார்கள். பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறையும், கிருமி மறையாது. கீமோ தொடங்கும் வீட்டில் ஒரு தெர்மாமீட்டரும், ராத்திரியில் எடுக்கிற ஒரு நம்பரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

முள்சீத்தா வேண்டாம். ஆய்வுக் கூடத்தில் செல்களின்மேல் ஊற்றிப் பார்த்த சோதனைகள் உண்டு, மனிதர்களுக்குப் புற்றுநோய் குணமானதற்குச் சான்று இல்லை. கீமோ மருந்துகளைக் கழிக்கவே கல்லீரலும் சிறுநீரகமும் திணறிக்கொண்டிருக்கும்போது, அளவு தெரியாத ஒரு கஷாயத்தை மேலே ஏற்றினால் அடுத்த கீமோவையே தள்ளிப்போட வேண்டி வரலாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

மகளுக்கு 12 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். இந்த வயதில் தேவையா? எனக்கு 38 வயது.
– வாசகி, திண்டுக்கல்

இந்த வயதில்தான் தேவை. ஹெச்.பி.வி. உடலுறவு வழியாக வரும் வைரஸ், அது வருவதற்கு முன்பு போட்டால்தான் முழுப் பலன். இந்த நோய்க்கு இந்த வைரஸ்தான் காரணம் என்று காட்டிய ஹரால்டு சூர் ஹௌசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 16, 18 என்ற இரண்டு வகைகளே பத்தில் ஏழு பேருக்குக் காரணம், அவை இரண்டையும் இந்தத் தடுப்பூசிகள் தடுக்கும். நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவேக் 2022-ல் அனுமதி பெற்றுவிட்டது. 9 முதல் 14 வயது வரை ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. ஒரு ஊசியே போதும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஏற்றுக்கொண்டது. கருத்தரிப்பைப் பாதிக்கும் என்பது வதந்தி.

உங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். 2000-லிருந்து திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்ஸுகள் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்கள். தடவியதும் ஒரு நிமிடம் காத்திருந்து கண்ணால் பார்ப்பதுதான் சோதனை. 31,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். சோதனை நடந்த பகுதியில், நடக்காத பகுதியைவிட இந்த நோயால் வந்த சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. உலகத்தில் பல நாடுகள் எடுத்துப் பேசும் ஆய்வு அது.

அதனால் மகளுக்கு ஊசி போடக் கூட்டிப் போகும் அன்றைக்கே நீங்களும் அந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள், காசு கிடையாது, முடிவும் அன்றே சொல்லிவிடுவார்கள்.